ஆண்கள் வட்டத்துப் பை

இசிடோர் அழுதார் என்று சொன்னால் ஏரிக்கரை ஊரான பனிவாத்து முனையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பெண்டாட்டியைப் புதைத்த அன்றுகூட, குழியில் மண் தள்ளிவிட்டு நேராகத் துறைக்குப் போய் படகு எஞ்சினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த ஆள் அவர். அப்படிப்பட்டவர் இன்று ஊர்ப் பள்ளிக்கூடத்தின் நான்காம் வகுப்பறையில், பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு அழுதார்.

எதிரே டிஷ்யூ பெட்டியும் பழுப்புக் காகிதப் பையுமாக நின்றவள் அவருடைய மகள் ரொவீனா.

செப்டம்பர் முப்பது வந்தால் ஊரே ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு கூடும். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிடுங்கி அடைத்துவைத்த விடுதிப் பள்ளிகளிலிருந்து உயிரோடு திரும்பியவர்களுக்கும் திரும்பாமலே போனவர்களுக்குமான நாள். இசிடோர் மட்டும் அன்றைக்குப் பார்த்து வலை இழுக்கப் போய்விடுவார். ஆறு வயதில் அவரையும் அண்ணனையும் அப்படியொரு பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போன மிதவை விமானத்தைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த வருஷம் ரொவீனா விடவில்லை. ஆண்கள் வட்டத்தில் வந்து உட்காரச் சொல்லி ஒரு வாரம் நச்சரித்தாள்.

"எனக்குப் பேச ஒண்ணுமில்ல, ரொவீ."

"பேச வேணாம்பா. சும்மா உக்காந்தா போதும்."

"கண்ணு கலங்கிட்டா?"

"கலங்கட்டும். தொடச்சு நீங்களே பையில போடுங்க. நம்ம வழக்கப்படி பை நேரா நெருப்புக்குப் போயிடும். ஒருத்தர் தொட மாட்டாங்க, ஒருத்தர் பாக்க மாட்டாங்க. நான் சொல்றேன்ல?"

"பட்டணத்துல ஆறுதல் சொல்றதுக்கே பட்டம் வாங்கினவ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று கேலி செய்துவிட்டுக் கிளம்பினார். ஆரஞ்சுச் சட்டையை மட்டும் போட மாட்டேனென்றார். "பூசணிக்கா மாதிரி இருப்பேன்."

பிடித்திருப்பவர் மட்டும் பேசலாம் என்று வட்டத்தில் கைமாறிய கழுகிறகு அவர் கைக்கு வந்தபோது அடுத்தவரிடம் தள்ளிவிடுவார் என்றுதான் ரொவீனா நினைத்தாள். அவர் தள்ளவில்லை. இறகைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ராத்திரி அழுத பசங்களோட தலையணை உறையை விடிஞ்சதும் சாப்பாட்டுக் கூடத்துல கொடி கட்டித் தொங்கவிடுவாங்க. மத்த பசங்க வரிசையா அதுக்கு முன்னால நடக்கணும். நடக்கும்போது சிரிக்கணும். சிரிக்கலேன்னா அடி. என்னோடது தொங்கினப்ப எங்கண்ணன் சிரிச்சான். அவனுக்கே எட்டு வயசு. அன்னிக்கு ராத்திரியிலேருந்து நான் அழல."

சொல்லி முடித்ததும் அழுதார். துடைத்த காகிதத்தை உருட்டி, ரொவீனா விரித்துப் பிடித்த பையில் தன் கையாலேயே போட்டார். மற்ற கிழவர்களும் போட்டார்கள். கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த கார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அண்ணனின் மகள் அவள். ரொவீனாவுக்கு அக்கா முறை. இப்போது ஊர் மன்றத்தில் உறுப்பினர். நாள் முழுக்க எல்லா ஏற்பாடும் அவள் கையில்தான்.

வட்டம் கலைந்ததும் கார்லீன் கையை நீட்டினாள். "பையைக் குடு. நான் நெருப்புக்கு எடுத்துட்டுப் போறேன். நீ போய் சாப்பாட்டைக் கவனி, அங்க கரண்டி பிடிக்க ஆளில்ல."

ரொவீனா கொடுத்தாள். அப்பாவின் கண்ணீரை அவருடைய அண்ணன் மகளிடமே கொடுக்க யோசிப்பாளா?

கூடத்தில் சாப்பாடு நடந்தது. மூஸ் மான் இறைச்சிச் சாறும் பானக் என்ற கெட்டி ரொட்டியும் கரி மாதிரி கறுத்த தேநீரும். இசிடோர் தன் வயதுக்காரர்களோடு நீள மேசையில் உட்கார்ந்து வில்ஃப்ரெட் கிழவரின் பொய்ப்பல்லைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். அப்பா இத்தனை பேர் நடுவில் வாய்விட்டுச் சிரித்து ரொவீனா பார்த்ததில்லை. கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் ஆம்ப்ரோஸ் உள்ளே வந்தார். வெளியே கூடாரத்தில் நெருப்பைக் காப்பவர். உடம்பெல்லாம் புகை வாசனை.

"ஏ பொண்ணு, பொம்பளைங்க பை வந்துச்சு, சின்னப் பிள்ளைங்க பை வந்துச்சு. ஆம்பளைங்க பை எங்க? இசிடோர் அழுதான்னு ஊரே பேசுது, சாட்சி எங்க?"

"கார்லீன் அக்கா கொண்டாந்து குடுத்தாங்களே, மாமா."

"எங்கிட்ட யாரும் குடுக்கல. பொழுது சாயுது. நெருப்பைத் தணிய விடணும்."

ரொவீனா கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு நடந்தாள். ஏற்பாடுகளுக்காகக் கார்லீன் எடுத்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர் அறையின் கதவு சாத்தியிருந்தது. தட்டாமல் திறந்தாள்.

மேசையின் மேல் வெள்ளைத் துணி. அதன்மேல் ஆண்களின் காகிதங்கள், ஒவ்வொன்றும் விரித்துத் தட்டையாக்கப்பட்டு. கையுறை போட்ட ஒரு வெள்ளைக்கார இளைஞன் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடித்தாள் உறைக்குள் சொருகிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் உறைகளின் மேல் எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். கார்லீன் அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மன்னிக்கணும், வெறுங்கையால தொடாதீங்க," என்றாள் அந்தப் பெண், ரொம்ப மரியாதையாக.

"தெரியும். எங்க வழக்கத்துல நானே இதைத் தொடக் கூடாது. நீங்க யாரு?"

கார்லீன் கெட்டிலைக் கீழே வைத்தாள். "கத்தாதே. பட்டணத்து அருங்காட்சியகத்துக்காரங்க. விடுதிப் பள்ளிகளுக்குன்னே ஒரு கூடம் கட்டறாங்க. நம்ம கொள்ளுத்தாத்தாவோட மேளம் அவங்க கிடங்குலதான் கிடக்கு, தெரியும்ல? இதுக்குப் பதிலா அது நமக்கு வருது."

"திருப்பித் தர்றாங்களா?"

"முதல்ல ரெண்டு வருஷத்துக்கு இரவல்."

"நம்ம மேளம். நமக்கு இரவல்."

"அப்படித்தான்டி ஆரம்பிக்கும் எதுவும்!" கார்லீனின் குரலும் ஏறியது. "இங்க எரிச்சா சாம்பல். அவ்வளவுதான். அங்க வெச்சா இந்த நாடே வந்து நின்னு பாக்கும். கிழவங்க ஒவ்வொருத்தரா செத்துட்டிருக்காங்க. எங்கப்பா போயிட்டார். நாளைக்கு இப்படி எதுவுமே நடக்கலன்னு எவனாவது சொன்னா எதைக் காட்டுவே?"

"அவங்களைக் கேட்டியா?"

"கேட்டா மாட்டேன்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப உனக்குப் பதில் தெரியும்."

கார்லீன் தேநீர்க் கோப்பைகளை ஓரமாக நகர்த்தினாள்.

"கதவுகிட்டதானே நின்னே? தொங்கவிட்ட தலையணை உறையைப் பத்தி எங்கப்பா சொன்னது உன் காதுல விழுந்துச்சுல்ல? உங்கப்பா சிரிச்சது விழுந்துச்சுல்ல? கேட்டுட்டு, கண்ணைத் தொடச்சுட்டு, அதே கையால இதை வாங்கிட்டு வந்தே."

ரொவீனா சட்டையின் முன்பக்கத்தை மடிபோல் பிடித்து, உறைகளை எல்லாம் வழித்துப் போட்டுக்கொண்டாள். கடைசிக் காகிதத்தையும் உறைக்குள் சொருகி முடித்திருந்த இளைஞன் இடுக்கியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். கார்லீன் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சரி, எடுத்துட்டுப் போ. போய் எரிச்சுடு. ஆனா உங்கப்பாகிட்ட சொல்லாதே. அறுபது வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் வாயைத் திறந்திருக்கார். சொன்னா இனி எந்தக் கூட்டத்துக்கும் வர மாட்டார். உன்கிட்டகூடப் பேச மாட்டார். அந்தப் பாவம் உன்னோடது."

இவ்வளவு செய்துவிட்டுப் பாவத்தையும் பங்கு போட்டுக் கொடுக்கிறாளே என்று ரொவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

கூடாரத்தில் ஆம்ப்ரோஸ் மடியிலிருந்ததைப் பார்த்தார். கேலி முகம் மாறியது.

"இதை நான் போட முடியாது. அழுதவங்க கை விட்டு நேரா வரல இது. வேத்து ஆள் பிரிச்சுப் பாத்திருக்கான். இனி அவங்கவங்களே வந்து போட்டாத்தான் உண்டு."

"சொல்லாம போட வழியே இல்லையா, மாமா?"

"உங்கப்பனை நான் ஏமாத்தணுமா, இல்ல நெருப்பை ஏமாத்தணுமா? நீயே சொல்லு."

கூடத்துக்குள் அந்த நீள மேசை வரை நடப்பதற்குள், கல்லூரியில் படித்த ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் அவளுக்கு மறந்துபோயின. நல்லதுதான்.

"என்ன இப்படி நிக்கற?" என்றார் இசிடோர், ரொட்டியைச் சாற்றில் தோய்த்தபடி. "பிங்கோல தோத்தவ மாதிரி."

அவள் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. கையுறை, இடுக்கி, எண், மேளம், கார்லீன்.

மேசையைச் சுற்றிக் கரண்டிகள் கீழே இறங்கின. வில்ஃப்ரெட் மட்டும், "என் மூக்குச்சளியைக் கண்ணாடிப் பெட்டியில வெக்கப் போறானா? டிக்கெட் போட்டா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை.

இசிடோர் ரொட்டியைக் கீழே வைத்தார். "நான் அவங்கப்பனைப் பத்திச் சொன்னப்ப அவ அங்கதானே நின்னா?"

"ஆமாப்பா."

"பையை அவகிட்ட யாரு குடுத்தது?"

இந்தக் கேள்வியை ரொவீனா எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் கார்லீனைத்தான் மனதுக்குள் கிழித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நான்தான்."

"நேரா நெருப்புக்குன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"நீ தூக்கிட்டுப் போவேன்னு நினைச்சேன்," என்றார். கோபமே இல்லை குரலில். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள், ஏதாவது நடந்திருக்கும். அவர் தட்டைக் கழுவும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மற்றக் கிழவர்கள் கூடாரத்துக்கு வந்தார்கள். எது யாருடையது என்று தெரியவில்லை. "எல்லாம் ஒரே உப்புதான், குடு," என்று வில்ஃப்ரெட் ஒன்றை வாங்கி, உறையின் ஓரத்தைப் பொய்ப்பல்லால் கடித்துக் கிழித்தார். உறையைக் காலடியில் எறிந்துவிட்டு, காகிதத்தைக் காணிக்கையாக ஒரு சிட்டிகைப் புகையிலையோடு நெருப்பில் விட்டார். ஆளுக்கு ஒன்று. கடைசியில் ரொவீனாவின் மடியில் ஒன்று மிஞ்சியது.

அதை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினாள். இசிடோர் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு போட்டுட்டாங்க. இது உங்களுக்கு. வாங்க, வந்து போட்டுட்டுப் போங்க."

அவர் உறையைப் பார்த்தார். மேலே ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தார். கை நீட்டவில்லை.

"எடுத்து வெச்சுக்கத்தானே கேட்டாங்க. நீயே வெச்சுக்கோ."

"நானும் அவங்களும் ஒண்ணாப்பா?"

எஞ்சின் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அவர் கையில் அது எப்போதும் அப்படித்தான். படகு திரும்பி, வலை கிடக்கும் பக்கமாகப் போயிற்று. அவர் முதுகு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

மேட்டிலிருந்து ஆம்ப்ரோஸ் கூப்பிட்டார். "ஏ பொண்ணு! தணிய விடவா, கட்டை போடவா?"

ரொவீனா ஏரியைப் பார்த்தபடியே கத்தினாள். "போடுங்க மாமா!"

"எதுவரைக்கும்?"

அப்பா எப்போது திரும்புவாரென்று அவளுக்குத் தெரியவில்லை. விறகுக் குவியலை நோக்கி நடந்தாள்.