தையல் அளவில் ஒரு கார்

என் வீட்டுக்காரர் ஹனீஃபாவுக்கு மயிலாப்பூரில் தையல் கடை. மாப்பிள்ளை கோட்டு தைப்பதில் பெயர் எடுத்தவர். அதனால் உலகத்தில் எதையுமே இஞ்ச் டேப் இல்லாமல் நம்ப மாட்டார். புது கார் வாசலில் வந்து நின்றதும் கழுத்தில் கிடந்த டேப்பைத்தான் கையில் எடுத்தார்.

லைசென்ஸ் வைத்திருப்பவள் நான். அதிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை.

"அடையாறுல என் தங்கச்சி வூடு வரைக்கும் ஒழுங்கா ஓட்டிக் காட்டு. இல்லன்னா ஆசிஃபை டிரைவரா போட்டுடுவேன்."

ஆசிஃப் அவருடைய அக்கா மகன். அவன் ஓட்ட, நான் பின்சீட்டில் காய்கறிப் பையோடு போவதா? நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு, அவர் தெருவே பார்க்க என் இடுப்பிலிருந்து பாதம்வரை அளந்ததையும் பொறுத்துக்கொண்டேன். டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்து, அது நிற்க வேண்டிய இடத்தில் கீழே தையல் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார்.

"ரெண்டு விரக்கடை லூஸ் வுட்டுக்கீறேன். கோட்டைத் தாண்டாத."

"காருக்கு எதுக்குங்க லூஸ்?"

"பிரியாணி துன்ற உடம்பு. நாளைக்குப் பெருத்தா?"

பிஸ்மில்லா சொல்லிக் கிளம்பினேன். கிளட்ச் என் கட்டைவிரல் நுனிக்குத்தான் எட்டியது. லஸ் சிக்னலில் வண்டி அணைந்தது. மந்தைவெளியில் மறுபடியும் அணைந்தது. பின்னாலிருந்த ஆட்டோக்காரர், "யக்கா, இன்னா, இங்கயே குடும்பம் நடத்தப் போறியா?" என்று கேட்டார். போதாக்குறைக்கு, சின்னப் பள்ளத்துக்கெல்லாம் வண்டி துள்ளியது. வீட்டுக்காரரின் தலை கூரையில் முட்டியது.

"பள்ளம் பாத்து ஓட்டத் தெரியல!" என்று போனை எடுத்து ஆசிஃபை அழைத்தார். நல்லவேளை, அவன் எடுக்கவில்லை.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. பெட்ரோல் பங்கில் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். கதவைத் திறந்தபோது அதன் ஓரத்தில் ஸ்டிக்கர் கண்ணில் பட்டது: டயர் காற்று முப்பத்து மூன்று. காற்று பிடிப்பவரிடம் பார்க்கச் சொன்னேன். நாற்பத்தைந்து இருந்தது.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "ஷோரூம் ஆளு ஓட்டிக்கினு வர்றப்ப, கூட வந்த நான்தான் வழியில நிறுத்திக் காத்த டைட்டா அடிக்கச் சொன்னேன். புதுத் துணி மொதல்ல டைட்டா இருக்கணும். போகப் போக லூஸாயிடும்ல?"

"சேர்த்துப் பிடிக்க வேண்டிய சீட்டுல லூஸ் வுட்டீங்க. லூஸ் வுட வேண்டிய டயரை டைட் பண்ணீங்க. ஒரு மாப்பிள்ளைக்கு இப்படித் தச்சுக் குடுத்திருந்தா நிக்காஹ் நடந்திருக்குமா?"

மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்தது. காற்றைக் குறைத்தார்கள். நான் சீட்டை முன்னால் இழுத்தேன், அவருடைய கோட்டைத் தாண்டி. கிளட்ச் காலடியில் சமர்த்தாக உட்கார்ந்தது. அடையாறு பாலத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

தங்கச்சி வீட்டு வாசலில் நிறுத்தியும் அவர் இறங்கவில்லை. குனிந்து, பழைய கோட்டை எச்சில் தொட்டு அழித்தார். சீட்டு இப்போது நிற்கிற இடத்தில் புதுக் கோடு போட்டார்.

"லூஸ் வுடலியா?" என்றேன்.

"ட்ரையல் பாத்தாச்சு. இதான் ஃபைனல் அளவு."

அப்போது போன் அடித்தது. ஆசிஃப்.

"மாமா, கூப்ட்டிருந்தியே. வண்டி ஓட்ட வரவா?"

"வேணாம்டா" என்றார் அவர். "இது உன் மாமிக்கு அளவெடுத்த வண்டி. வேற யாருக்கும் சேராது."