வெளியூர் டிக்கெட்

லயாங்சாரி அரண்மனை வருஷத்துக்கு நாலு விரல்கடை வீதம் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு கீறல் கிடையாது, கூரையிலிருந்து ஒரு ஓடு நழுவவில்லை. மண்டபங்கள், குலதெய்வச் சந்நிதிகள், கூடைக்குள் இருந்த சண்டைச் சேவல்கள், ஈழத்தலரி மரங்கள் எல்லாம் சேர்ந்து, எந்த அவசரமும் இல்லாமல் இறங்கின. அது எந்த நாளில் ஆரம்பித்தது என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. பெரிய ராஜாவின் மகள் சாகுங் மிரா, சந்தையில் முழுப் பன்றி சுட்டு விற்கும் நெங்காவைக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறிய அன்றுதான்.

எங்கள் பக்கத்தில் ராஜ குடும்பத்துப் பெண் தனக்குக் கீழே கட்டிக்கொண்டால் சும்மா போய்விட முடியாது. பூசாரி அவள் தலையில் ஒரு பூவை வைத்து எடுத்து, உன் வாசனை இன்றோடு முடிந்தது என்பார். அந்தச் சடங்கைச் சட்டம் எப்போதோ ஒழித்துவிட்டது. பெரிய ராஜா சட்டத்தை மதிக்கிறவர், ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். அன்றிலிருந்து அவள் வந்தால் பின்வாசல், உட்கார்ந்தால் தரை. சொந்தத் தம்பியிடம் பேசினாலும் கைகூப்பித்தான் பேச வேண்டும். அவள் தொட்ட சோற்றைப் பெற்ற தாய்கூடச் சாப்பிடக் கூடாது. மிரா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். “திரும்பி வந்தா முன்வாசல்லதான் வருவேன். இவரும் கூட வருவார். அதுவரைக்கும் உங்க உசரத்த நீங்களே வெச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள். மறுநாள் காலையில் முன்வாசல் படிகளில் அடிப்படியைக் காணவில்லை.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நகரத்திலிருந்து வந்த பொறியாளர் ஒருவர், ஹோட்டல்கள் நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் இப்படி ஆகிறது என்றார். அப்படியானால் ஒட்டியிருக்கிற பஞ்சர் கடை ஏன் இறங்கவில்லை என்று கேட்டோம். சாப்பிட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்று போனவர் போனவர்தான். அரண்மனை தெருவுக்குக் கீழே போனதும்தான் உண்மையான தலைவலி ஆரம்பித்தது. ராஜாவின் தலைக்கு மேலே இன்னொருவர் தலை இருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ராஜா பள்ளத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது தெருவில் போகிறவன் என்ன செய்வான்? கொஞ்ச நாள் குனிந்து போனோம். பிறகு தவழ்ந்து போனோம். வாத்துகளை ஓட்டிப் போகிறவன் தவழலாம், வைக்கோல் லாரி எப்படித் தவழும்? கடைசியில் ஊர்ச் சபை கூடி, அந்த இடம் வந்ததும் எல்லோரும் முகவாயை நெஞ்சில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும் என்று முடிவு செய்தது. வெளியூர்க்காரர்கள் எங்களைப் பார்த்து, இந்த ஊரில் எல்லோருக்கும் கழுத்துச் சுளுக்கா என்று கேட்டதும் உண்டு.

இந்தப் பள்ளத்தால் ஒரே ஒரு நல்லது நடந்தது. வடக்கு மண்டபத்தில் இருந்த மிராவின் அம்மா தாய் ராணியைத் தெருவிலிருந்து பார்க்க முடிந்தது. சந்தை நாள்களில் மிரா கையில் கறிக்குத் தடவிய மஞ்சள் கறையோடு வந்து விளிம்பில் நிற்பாள். தாய் ராணி அண்ணாந்து பார்ப்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேச்சென்று வந்தால் மகள் எந்த மரியாதையில் பேசுவது என்ற சிக்கல் வந்துவிடும். பிறந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள், அவ்வளவுதான்.

பெரிய ராஜா காலமானார். மிராவின் தம்பி மாயுன் ராஜாவானார். அக்காள் போனபோது அவர் பள்ளிக்கூடப் பையன், அழுதவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, ஆனால் அப்பா போட்ட முடிச்சை அவிழ்க்கிற தைரியம் இல்லாதவர். ஒரு தடவை பின்வாசல் வழியாக வந்துவிட்டுப் போ, எல்லோரும் கண்ணை மூடிக்கொள்கிறோம் என்று ஆள் அனுப்பினார். “முன்வாசல் எந்தப் பக்கம்னு மறந்துபோச்சான்னு உங்க ராஜாவக் கேளு” என்று மிரா திருப்பி அனுப்பினாள்.

இப்படியே தலைமுறை ஒன்று ஓடிவிட்டது. வாய்க்கால் கமிட்டி வந்து, கரை இப்போது உங்கள் மதிலுக்கு மேலே இருக்கிறது, வருகிற மழையில் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்றது. மாயுன் வேறு வீடு பார்த்தார். தாய் ராணி மட்டும் அசையவில்லை. “என் பொண்ணு முன்வாசல்ல வர்றப்போ நான் வீட்டுல இருக்க வேணாமா? முங்குனா முங்கிட்டுப் போறேன்” என்றார். தண்ணீர் இறைக்கப் பெரிய இயந்திரங்கள் வேண்டும். அதற்காகத்தான் மாயுன் அரண்மனையைச் சுற்றுலாவுக்குத் திறந்துவிட்டார். முன்வாசலில் பலகை வைத்தார்கள். இடுப்பில் சரோங் துணி கட்டாயம், சேவல்களைத் தொடக் கூடாது, டிக்கெட் வாங்கிய எவரும் உள்ளே வரலாம். கூடுதலாகக் கட்டினால் ராஜாவோடு மேல் பாயில் உட்கார்ந்து அவர் கையால் காப்பி.

எவரும் என்று எழுதியிருந்ததை மிரா இரண்டு முறை படித்தாள். மறுநாள் காலையில் கடையைப் பூட்டினாள். நெங்காவுக்கு வெயில் கண்ணாடி, தனக்கு அகலத் தொப்பி, தோளில் ஒரு துணிப்பை. டிக்கெட் கொடுத்த கோமாங், அவளிடம் வாரம் தவறாமல் பன்றிக்கறி வாங்குகிறவன். அவனுக்கு வியர்த்துவிட்டது.

“அக்கா, நீங்களா? பின்பக்கமா வந்தீங்கன்னா...”

“நான் டூரிஸ்டுப்பா. ரெண்டு டிக்கெட் குடு. காப்பியோட.”

“சரி, உள்ளூர் டிக்கெட் பாதி விலதான், அதுவாவது...”

“உள்ளூர்க்காரின்னா பின்வாசலக் காட்டுவீங்க. வெளியூர் டிக்கெட்டே கிழி.”

அவன் கிழித்துக் கொடுத்தான். இரண்டு பேரும் முன்வாசல் வழியாகப் பள்ளத்துப் படிகளில் இறங்கினார்கள். மிராவின் கால் முற்றத்தில் பட்டதும் அரண்மனை ஒரு தடவை சிலிர்த்தது, படுத்திருந்த எருமை எழுந்திருக்கப் பார்ப்பதுபோல. ஜெனரேட்டர் அதிர்வு என்று வழிகாட்டி சொல்லிவிட்டு, வெள்ளைக்காரக் கூட்டத்துக்குக் கதை சொன்னான். இந்த மண்டபத்தில் பிறந்த இளவரசியைக் கடல் அழைத்துக்கொண்டது, அவள் இன்று அலைகளுக்குத் தேவதை.

“அதெல்லாம் இல்ல. பன்னி சுடப் போனா. நல்லாத்தான் இருக்கா” என்றாள் மிரா.

மேல் பாயில் போய் உட்கார்ந்தார்கள். நெங்கா பாயின் ஓரத்துக்கு நகர்ந்தான். “மிரா, நான் கீழயே இருந்துக்கறேன், எனக்கு இடுப்பு சரியில்ல” என்று கெஞ்சினான். “டிக்கெட் வாங்கியாச்சு, பேசாம உக்காருங்க” என்றாள் அவள். அதற்குள் வடக்கு மண்டபத்திலிருந்து தாய் ராணி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துவிட்டார். கைகூப்பப் போன மகளின் கையை இடையிலேயே பிடித்துக்கொண்டார்.

“பையில என்னடி வாசனை?”

“பன்னிக்கறிம்மா. தோலு மொறுமொறுன்னு இருக்கு.”

“எடு. எத்தன வருஷமா மூக்கால மட்டும் தின்னுட்டிருக்கேன்.”

எல்லோர் முன்னாலும் தாய் ராணி மகள் கையால் வாங்கித் தின்றார். அரண்மனை மேலே வரத் தொடங்கியது. குலுக்கல் எதுவும் இல்லை. மதிலுக்கு மேலே தெரிந்த தெரு மெல்லத் தாழ்ந்தது, விளிம்பில் நின்று வேடிக்கை பார்த்த எங்கள் கால்கள் முதலில் மறைந்தன, பிறகு தலைகள். அப்போதுதான் மாயுன் காப்பித் தட்டோடு வந்தார். பாயில் இருப்பவர்களைப் பார்த்து அப்படியே நின்றார். அரண்மனையும் நின்றது. அம்மாவின் வாயோரத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவருக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும்.

“அக்கா,” என்றார். தட்டைக் கீழே வைத்தார். “சக்கர எவ்வளவு போட?”

“ரெண்டு.”

“மாமா, உங்களுக்கு?”

நெங்கா பதில் சொல்வதற்குள் அரண்மனை தெரு மட்டத்தைத் தாண்டிவிட்டது. தொலைந்த படிகள் கடைசிப்படி வரை ஒன்று பாக்கியில்லாமல் வந்து சேர்ந்தன. மேலே வந்த அரண்மனை அதோடு நிற்காமல் தரையிலிருந்து ஒரு முழம் எழும்பி அங்கேயே நின்றது. வெளியே நாங்கள் முகவாயை நெஞ்சிலிருந்து எடுத்து, கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தோம். இவ்வளவு சந்தோஷமாக இந்த ஊர் அதற்கு முன்னால் சிரித்ததில்லை.

அந்த மழைக்கு வாய்க்கால் உடைத்துக்கொண்டது. தண்ணீர் அரண்மனைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வயலுக்குப் போய்விட்டது. வாங்கிய இயந்திரங்களைப் பக்கத்து ஊருக்கு விற்றார்கள். பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். மிரா இன்றும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போகிறாள், வெளியூர் டிக்கெட். வேண்டாம் என்று தம்பி சண்டை போடுகிறார், அவள் கேட்பதில்லை.

போன வருஷம் மாயுனின் மகள் ஒரு படகுக்காரன் மகனைக் கட்டிக்கொண்டாள். பூசாரியைக் கூப்பிடவில்லை. அவள் முன்வாசல் வழியாகப் புறப்பட்டபோது ஊரே கூடி அடிப்படி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. மாயுன் ஒரு கண்ணாடித் தம்ளரில் ததும்பத் ததும்பக் காப்பி ஊற்றி, மண்டப விளிம்பில் வைத்துவிட்டு, கண்ணெடுக்காமல் நின்றார். மகள் கடைசிப்படியையும் இறங்கி, தெருவைத் தாண்டி, மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவர் தம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு, காப்பி ஆறிவிட்டது என்றார்.