சாந்தாமணி வாங்கிய வில்

அமெரிக்காவின் பேர்லேண்டில் எல்லாரும் அக்டோபர் வந்தால் வெயில் குறையும் என்று சந்தோஷப்படுவார்கள். சாந்தாமணிக்கு வயிற்றெரிச்சல்தான் கூடும். கணவன் நஞ்சப்பனும் பதினாறு வயது மகள் தீக்ஷாவும் சனிக்கிழமை விடியுமுன்பே வில்லை டிரக்கில் ஏற்றிக்கொண்டு மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். இவள் எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்துவிட்டு கராஜ் வாசலில் நின்று கையசைப்பாள்.

ஞாயிறு மாலை இருவரும் எதையோ நினைத்துச் சிரித்தபடி வந்து இறங்குவார்கள்.

"என்ன, சொல்லுங்களேன்."

"சொன்னாப் புரியாதும்மா," என்பாள் தீக்ஷா ஆங்கிலத்தில்.

பெற்ற மகள் மேலேயே பொறாமையா என்று சாந்தாமணி தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். ஆனால் நஞ்சப்பன் தன்னோடு அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்ற கேள்வி மட்டும் போகாது.

இந்த வருஷம் ஜூனில், சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டாள். "ஏனுங்க, எனக்கும் ஒரு வில் வேணும். நானும் வரேன்."

நஞ்சப்பனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. தீக்ஷா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடையில் சுவர் முழுக்க வில்கள். எல்லாம் இரண்டு முனையிலும் சக்கரம் வைத்தவை. சாந்தாமணி முதலில் கேட்டது ஒன்றுதான்.

"தீக்ஷாவோட வில்லை இழுக்க எத்தனை பவுண்ட் பலம் வேணும்?"

"நாப்பத்தஞ்சு," என்றான் நஞ்சப்பன். "ஆனா அவ மூணு வருஷமா..."

"அப்ப எனக்கு அம்பது குடுக்கச் சொல்லுங்க."

கடைக்காரப் பெண் மறுக்கவில்லை. ஸ்டூலில் உட்காரவைத்து ஐம்பது பவுண்ட் வில்லைக் கையில் கொடுத்தாள். சாந்தாமணி பல்லைக் கடித்து இழுத்தாள். நாண் பாதி வந்தது. வில் கூரையைப் பார்த்து எழும்பியது. தோள் நடுங்கியது. தீக்ஷா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். நாற்பத்தைந்தும் வரவில்லை.

"மானுக்கு முன்னால் இப்படி வில்லைத் தூக்கி ஆட்டினால் அது நிற்காது. ஆட்டாமல் நேராக இழுக்க முடிகிறதுதான் உங்கள் வில். இதை வாங்குங்கள், பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம்," என்று அந்தப் பெண் நாற்பதை நீட்டினாள்.

அது வந்தது. நாண் கன்னத்தைத் தொட்டதும் முனைச் சக்கரங்கள் சுழன்று பாரம் சட்டென்று குறைந்து, கையில் ஒன்றுமே இல்லாததுபோல் ஆனது. சாந்தாமணிக்குப் பொறாமைகூட ஒரு நொடி மறந்துபோனது. பிறகு கடைக்குள்ளேயே இருந்த பயிற்சி இடத்தில் ஓர் அம்பு தொடுத்தாள். பக்கத்தில் வில் பிடித்திருந்த மகளின் முழங்கையை நஞ்சப்பன் திருத்துவது கண்ணில் பட, அம்பு இலக்கின் ஓரத்தில் போய்க் குத்தியது. ஆனாலும் அந்த வில்லையே வாங்கினாள்.

திரும்பும் வழியில் நஞ்சப்பன் பெட்ரோல் போட இறங்கினான். பின்சீட்டிலிருந்து தீக்ஷா ஆங்கிலத்திலேயே கேட்டாள்.

"நீ எதுக்கும்மா வர? இது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் உள்ளது."

"உன்னைவிட எனக்குத்தான் அவரை ரொம்ப நாளாத் தெரியும்," என்றாள் சாந்தாமணி. சொன்னபிறகு தனக்கே வெட்கமாக இருந்தது. தீக்ஷா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கோடை முழுக்க, வேலை முடிந்ததும் சாந்தாமணி நேராகப் பயிற்சி மைதானத்துக்குப் போனாள். முதலில் வீம்பு. போகப்போக, நாண் கன்னத்தைத் தொடும் அந்த ஒரு நொடி அமைதிக்காகவே போனாள். செப்டம்பரில் இருபது கஜ தூரத்தில் அவள் அம்புகள் உள்ளங்கை அளவில் நெருங்கி விழுந்தன.

அக்டோபரில் மூவரும் காட்டுக்குப் போனார்கள். அங்கே மறைந்து உட்கார இரண்டு கூடாரங்கள். ஒன்றில் இருவர், இன்னொன்றில் ஒருவர்.

"சாந்தாவுக்கு இதுதானே முதல் தடவை. நான் அவகூட உக்காந்துக்கறேன். நீ தனியா இருந்துக்குவியா கண்ணு?" என்றான் நஞ்சப்பன்.

சாந்தாமணிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இத்தனை வருஷமாக ஏங்கியது இதுதான். அப்போது தீக்ஷாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் "ஓகே" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து ஷூ லேஸைத் தேவையில்லாமல் அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கராஜ் வாசலில் நிற்கும்போது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று சாந்தாமணிக்குத் தெரிந்தது.

"வேண்டாமுங்க. நீங்க தனியா உக்காருங்க. நான் இவகூடப் போறேன்."

"நானா? தனியாவா?"

சாந்தாமணி அதற்குள் தன் வில்லை எடுத்துக்கொண்டு மகளோடு நடந்தாள்.

கூடாரத்துக்குள் அம்மாவும் மகளும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் பரவியபின் ஒரு பெண்மான் புதரிலிருந்து வந்தது. தீக்ஷாவின் கை தன் வில்லுக்குப் போய், நின்றது. "உன்னோடதும்மா," என்று கிசுகிசுத்தாள். தமிழில்.

சாந்தாமணி வில்லை ஆட்டாமல் இழுத்தாள். மான் தலை தூக்கியது. அம்பு அதன் முதுகுக்கு மேலே பறந்து மண்ணில் குத்தியது. மான் ஒரே தாவலில் மறைந்தது.

சாந்தாமணி மண்ணில் குத்திநின்ற அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீக்ஷாவுக்குத் தோள் குலுங்கியது. பார்த்தால் சிரிப்பு. இவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் வராமலிருக்க இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தீக்ஷாவின் போன் அதிர்ந்தது. அப்பா. 'ஏதாச்சும் வந்துச்சா?'

"சொல்லாதே," என்றாள் சாந்தாமணி.

தீக்ஷா தலையாட்டிவிட்டு 'இல்லை' என்று அனுப்பினாள்.

வெயில் ஏறியதும் நஞ்சப்பன் அவர்கள் கூடாரத்துக்கு நடந்து வந்தான். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன சிரிப்பு? அங்க வரைக்கும் கேட்டுச்சு."

"ஒண்ணும் இல்லைங்க."

"கண்ணு, நீயாச்சும் சொல்லு."

தீக்ஷா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவோடு முன்னால் நடந்தாள். நஞ்சப்பன் தன் வில்லையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்தபடி பின்னால் வந்தான்.