வயது வரம்பு இல்லை

நிலா பிளஸ் டூவில் அறுநூறுக்கு நானூற்றுப் பதினேழு எடுத்தாள். அந்த மார்க்குக்கு என்ன படிக்கலாம் என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுடைய அம்மா ஆதிலட்சுமிக்கு மட்டும் தெரியவில்லை. எதிர்வீட்டு சின்னம்மாள் நர்சிங் என்றார். கறிக்கடை குப்புராஜ், தன் அக்கா மகள் வேலூரில் ஆறு மாதத்தில் ஏதோ ஒரு கோர்ஸ் முடித்துவிட்டு இப்போது வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதாகச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டதற்கு, அதைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நிலா யாரையும் கேட்கவில்லை. ஆரணியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பி.காம். படிக்க அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தாள்.

"அது கெடைக்கலன்னா?" என்று ஆதிலட்சுமி கேட்டாள்.

"கெடைக்கும்மா."

"கெடைக்கலன்னா?"

அதனால் ஒரு புதன்கிழமை இருவரும் அரசு ஐடிஐக்குப் போனார்கள்.

ஆதிலட்சுமிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பதினான்கு வருடமாக செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். காலை ஐந்து இருபதுக்கு மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் வரும். ஷூவின் மேல்தோலைத் தைப்பது வேலை. மிஷின் நின்றால் கையைத் தூக்க வேண்டும். மெக்கானிக் வருவார். வரும் வரைக்கும் கையைத் தூக்கியபடி இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, ஆனால் இறக்கினால் மறந்துவிடுவார்.

மிஷின் நிற்பதற்கு முன்னால் அதன் சத்தம் மாறுவது ஆதிலட்சுமிக்குக் கேட்கும். எந்த இடத்தில் என்ன தேய்ந்திருக்கிறது என்பது பெரும்பாலும் சரியாகவே தெரியும். சென்ற வருடம் ஒருநாள் நாற்பது நிமிடம் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசையில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவளே சரிசெய்தாள். மிஷின் ஓடியது. மறுநாள் அவளுக்கு ஒரு மெமோ வந்தது. அனுமதியின்றி இயந்திரத்தைத் தொட்டதாக அதில் எழுதியிருந்தது. அந்த இயந்திரத்தை அவள் தினமும் எட்டு மணி நேரம் தொட்டுக்கொண்டுதான் இருந்தாள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

ஐடிஐயில் சேர்க்கை மேசைக்குப் பின்னால் வீரபாகு என்ற பயிற்றுநர் உட்கார்ந்திருந்தார். சுவரில் பாடப்பிரிவுகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. நிலா கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதிலட்சுமிதான் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தாள். எலக்ட்ரீசியன், ஃபிட்டர், வெல்டர், டர்னர். கடைசியில் வயது பற்றி ஒரு வரி இருந்தது. ஆண்களுக்கு நாற்பது. பெண்களுக்கு வயது வரம்பு இல்லை.

"சார், வரம்பு இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்லைம்மா."

"எத்தினி வயசா இருந்தாலும்?"

"பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும். பொண்ணு பிளஸ் டூவே முடிச்சிருக்குதே, அப்புறம் இன்னா?"

ஆதிலட்சுமி பட்டியலின் கடைசி வரியை மறுபடி படித்தாள். இரண்டு விண்ணப்பம் வேண்டும் என்றாள்.

"பொண்ணுக்கு ஒண்ணு போதும்மா."

"தப்பா எழுதிட்டா இன்னொண்ணு இருக்கட்டுங்க."

அன்று சாயந்திரம் நிலா ஒரு விண்ணப்பத்தை வேண்டாவெறுப்பாக நிரப்பினாள். இன்னொன்றை ஆதிலட்சுமி அடுப்படியில் உட்கார்ந்து தப்பில்லாமல் நிரப்பினாள். இரண்டிலும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவளுடைய கணவன் தருமன் கொத்தனார். சாரத்திலிருந்து இறங்கி வந்து கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவனிடம் இரண்டையும் நீட்டினாள்.

"எதுக்கு ரெண்டு?" என்றான் தருமன்.

"ரெண்டு பேருக்குத்தான்."

ரெண்டு காலேஜுக்கு என்று அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டிலும் கையெழுத்துப் போட்டான்.

மூன்று வாரம் கழித்து நிலாவுக்கு பி.காம். கிடைத்தது. அதே வாரத்தில் தருமனின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஆதிலட்சுமி தருமன் என்பவர் ஃபிட்டர் பிரிவுக்குத் தேர்வு செய்யப்பட்டிருப்பதாகவும், அசல் சான்றிதழ்களுடன் வர வேண்டும் என்றும் அதில் இருந்தது. அவன் அதை மூன்று தடவை படித்தான். பிறகு மகளைப் படிக்கச் சொன்னான். அவளும் அதையேதான் படித்தாள்.

"இன்னா லட்சுமி இது?"

"நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க."

"வெளாட்டா? கம்பெனி வேலை?"

"உட்டுட்றேன்."

"ரெண்டு வருஷம் ரெண்டு பேரும் படிச்சா வீட்ல யாரு சம்பாதிக்கறது?"

"நீங்க."

நிலா சிரித்துவிட்டாள். தருமன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் அவளிடம் பேசுவதைத் தேவையான சொற்களோடு நிறுத்திக்கொண்டான். சோறு, குழம்பு, துண்டு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையில் கூடுதலாகக் கறி.

சான்றிதழ் சரிபார்ப்பன்று வீரபாகு அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"பொண்ணு வரலியாம்மா?"

"அவ காலேஜுக்குப் போயிட்டாங்க. இது என்னோடது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தையல் தொழில்நுட்பப் பிரிவில் இடம் இருக்கிறது, லேடீஸுக்கு அதுதான் வசதி, ஒரே வருடத்தில் முடிந்துவிடும் என்றார்.

"தையல் தெரியுங்க. மிஷினுதான் கத்துக்கணும்."

அவர் அவளுடைய பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்தார். இருபத்து மூன்று வருடப் பழசு. மடிப்பு மடிப்பாகப் பிரிந்திருந்தது. அதில் பள்ளியை விட்டு விலகியதற்கான காரணத்தை ஒரு தலைமையாசிரியர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

"மேற்படிப்புக்காகன்னு போட்டிருக்குதே," என்றார் வீரபாகு.

"ஆமாங்க. இப்பதான் வந்துகினு இருக்கேன்."

ஃபிட்டர் வகுப்பில் இருபது பேர். பத்தொன்பது பேர் பதினாறிலிருந்து பத்தொன்பது வயதுக்குள் இருந்த பையன்கள். முதல் நாள் அவள் உள்ளே நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்று குட் மார்னிங் மேடம் என்றார்கள். அவள் போய் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர்களும் உட்கார்ந்தார்கள்.

முதல் இரண்டு மாதம் வேறு எதுவும் கிடையாது, அரம்தான். ஒரு இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி ராவி ஆறு பக்கமும் சமமாகக் கொண்டுவர வேண்டும். பையன்கள் முதல் வாரத்திலேயே கை வலிக்கிறது என்றார்கள். ஆதிலட்சுமிக்கும் வலித்தது. ஆனால் கை வலிப்பதை ஒரு செய்தியாகச் சொல்லும் வழக்கம் அவளிடம் இல்லை. நாலாவது வாரம் வீரபாகு அவளுடைய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என சுதாகர் என்ற பையன் சொன்னான். அவனிடம் அவர் நிறையச் சொல்லியிருந்தார்.

தீபாவளி முடிந்து பத்து நாளில் பெற்றோர் கூட்டம் என்று அறிவித்தார்கள். வருகை குறைந்தவர்களின் வீட்டிலிருந்து கட்டாயம் ஆள் வர வேண்டும். அந்தப் பட்டியலில் ஆறு பேர் இருந்தார்கள். ஐந்தாவது பெயர் ஆதிலட்சுமி.

"எனக்கெதுக்கு சார் பேரன்ட்ஸ்?"

"பாரத்துல பாதுகாவலர்னு கையெழுத்து இருக்குதுல்ல, அவர வரச் சொல்லுங்க. ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவள் தருமனிடம் சொன்னாள். அவன் தேவையான சொற்களில் எதுவும் இதற்குப் பொருந்தாததால் தலையை மட்டும் ஆட்டினான்.

கூட்டத்துக்கு அவன் வேலைச் சட்டையோடு வந்தான். முழங்கையில் சிமெண்டு காய்ந்திருந்தது. மற்ற அப்பாக்களோடு வரிசையில் நின்றான். ஒருவர் அவனிடம், "உம்புள்ள எப்படிங்க? எம்புள்ள செல்லே கதின்னு கெடக்கறான்," என்றார். தருமன், "இது செல்லு பாக்கறதில்லீங்க," என்றான்.

அவன் முறை வந்தது. ஆதிலட்சுமி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வீரபாகு பதிவேட்டைத் திறந்தார்.

"ஒம்பது நாளு லீவு. ஒரு லெட்டர் கெடையாது. வீட்ல கவனிக்க மாட்டீங்களா?"

தருமன் அவளைப் பார்த்தான். இந்த ஒன்பது நாளும் அவள் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியது அவனுக்குத் தெரியும்.

"சொன்னா கேக்கறதில்லீங்க," என்றான்.

"நீங்கதான் எடுத்துச் சொல்லணும். இந்த பேட்ச்ல கை நல்லா வர்றது இவங்களுக்குத்தான். வராம இருந்தா பரீட்சைக்கே உட மாட்டாங்க."

வீரபாகு மேசை இழுப்பறையிலிருந்து அந்த இரும்புத் துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார். இது அவள் ராவியது என்றார். பக்கத்தில் ஒரு சின்ன எஃகு மூலமட்டம் கிடந்தது. தருமன் கேட்காமலே அதை எடுத்துத் துண்டின் மூலையில் பொருத்தி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான். இருபது வருடமாகச் சுவர்களை இப்படித்தான் பார்த்து வந்திருக்கிறான், இதைவிடப் பெரிய மட்டத்தால். இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியவில்லை. திருப்பினான். அங்கேயும் தெரியவில்லை. ஆறு பக்கமும் பார்த்தான். பின்னால் நின்ற அப்பா ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"அரத்துலயா?" என்று தருமன் கேட்டான்.

"அரத்துலதான்," என்றார் வீரபாகு.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது தருமன்தான் முதலில் பேசினான்.

"ஒம்பது நாளு எங்க போன?"

"டவுன்ல, பிளவுஸ் கடைக்கு. தீவாளி ஆர்டர் நெறைய இருந்திச்சு. தெச்சுக் குடுத்தேன். நிலா காலேஜ்ல பீஸ் கட்டணும்னு சொன்னா."

"எங்கிட்ட சொல்லலியே."

"நீங்கதான் பேசறதே இல்லியே."

தருமன் கொஞ்ச தூரம் நடந்தான். ஒரு டீக்கடை வந்தது. இரண்டு டீ சொன்னான். கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருக்கும்போது அவரைப் பார்த்தபடியே, "காலேஜ் பேஜாரெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ லீவு போடாத," என்றான். டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். தன்னிடம் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி ஆற்றத் தொடங்கினார். ஆதிலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகை அந்தப் பக்கமாக வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் லீவு போடவில்லை. இரண்டாம் வருடம் லேத், டிரில்லிங் எல்லாம் வந்தது. பையன்கள் மேடத்திலிருந்து ஆன்ட்டிக்கும், ஆன்ட்டியிலிருந்து அக்காவுக்கும் வந்திருந்தார்கள். தேர்வில் அவள் முதலாவதாக வந்தாள்.

பிறகு கம்பெனிகள் ஆளெடுக்க வந்தன. எல்லா நோட்டீசிலும் வயது பதினெட்டிலிருந்து இருபத்து நாலு வரை என்றிருந்தது. ஒரு கம்பெனிக்காரர் அவளுடைய மார்க்கைப் பார்த்து நல்ல மார்க் என்றார். பிறகு பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, நல்ல மார்க் என்று மறுபடியும் சொன்னார். பத்தொன்பது பையன்களுக்கும் வேலை கிடைத்தது. சுதாகருக்குக்கூட.

"படிக்கறதுக்குத்தாம்மா வரம்பு இல்ல," என்றார் வீரபாகு. அவருக்கே அது சங்கடமாக இருந்தது. "கம்பெனிக்கு இருக்குது."

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. நிலா தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நீ ஏம்மா அவங்க வர்றதுக்குக் காத்துகினு இருக்க? நீயே போய்க் கேளு," என்றாள்.

மறுநாள் ஆதிலட்சுமி சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஆரணிக்குப் போனாள். அரிசி மில் இரண்டு, பட்டறை ஒன்று. மூன்று இடத்திலும் கூட்டுகிற வேலை காலியாக இல்லை என்றார்கள். நான்காவதாக ஒரு விசைத்தறிக் கூடம். பதினாறு தறி. பதினைந்து ஓடிக்கொண்டிருந்தன. உரிமையாளர் சந்திரமோகன் ஓடாத தறியின் பக்கத்தில் நின்று யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது.

"ரெண்டு நாளா இதோ வரேன் அதோ வரேன்னு சொல்லிகினு இருக்கற. ஜல்தி வாப்பா!" வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இன்னாம்மா வேணும்?"

"மெக்கானிக் வேலைங்க."

"அது யாருக்கு? ஊட்டுக்காரருக்கா? அவர வரச் சொல்லும்மா."

"வந்துட்டேங்க," என்றாள் ஆதிலட்சுமி.

அவர் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாததால் தறியைக் காட்டினார். குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா பாதியில் நின்றுவிடுகிறது, நூலெல்லாம் அறுகிறது என்றார்.

அவள் தறியைக் கையால் நாலு தடவை மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். விசைத்தறியை இதற்கு முன் அவள் தொட்டதில்லை. அதைச் சொல்லவும் இல்லை. நாடாவை அடித்துத் தள்ளும் தோல் பட்டை நீண்டு போயிருந்தது, அடி முழுதாக விழவில்லை. புதுப் பட்டை கேட்டாள். மாற்றினாள். நாடா போய் உட்காரும் பெட்டி ஒரு பக்கம் நெருக்கமாக இருந்தது, அதைத் தளர்த்தப் போனாள். டூல்ஸ் பெட்டியில் நட்டு திருகும் சாவிகள் பதின்மூன்றாம் நம்பரும் பதினைந்தாம் நம்பரும்தான் இருந்தன. பதினைந்தாம் நம்பர் சாவியில் ஒரு தகட்டை மடித்துச் சொருகித் திருகினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதல் தடவை ஓட்டியபோது மறுபடி நின்றது. சந்திரமோகன் போனைக் கையில் எடுத்தார். அவள் இன்னும் கால் திருகு தளர்த்திவிட்டுப் போட்டாள்.

தறி ஓடியது. அவர் பக்கத்திலேயே பத்து நிமிடம் நின்றார். தறி நிற்கவில்லை.

"திங்கக்கெழம ஒம்பது மணிக்கு வந்துடுங்க," என்றார். ‘அம்மா’விலிருந்து ‘ங்க’வுக்கு வந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"வரேங்க. அதுக்குள்ள பதினாலாம் நம்பர் சாவி ஒண்ணு வாங்கி வச்சிடுங்க."

சந்திரமோகன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, சாவி, பதினாலு என்று எழுதிக்கொண்டார். பிறகு, "பேரு இன்னாங்க?" என்று கேட்டு, அதையும் கீழே எழுதினார்.