வத்திக்கானுக்கு ஓர் இடம்

அந்தோனிமுத்துவுக்குக் கொப்பி இல்லாமல் எந்த அலுவலையும் தொடங்கத் தெரியாது. இத்தாலிக்குப் போவதென்று தை மாதம் முடிவானதும், முதல் வேலையாகத் தாங்கள் குடியிருக்கும் டெனிஷ் நகரமான ஹோர்சன்ஸின் கடைத்தெருவுக்குச் சைக்கிளில் போய் மட்டை போட்ட கொப்பி ஒன்றும் மூன்று நிறப் பேனைகளும் வாங்கிக்கொண்டு வந்தார். ரோமுக்குச் சிவப்பு, புளோரன்சுக்குப் பச்சை, வெனிசுக்கு நீலம். விமானத்தையும் தங்குமிடங்களையும் மகள் அஜந்தினி ஏற்கெனவே ஒழுங்குபண்ணிவிட்டாள். அப்பாவும் அம்மாவும் நாற்பது வருடம் குடும்பம் நடத்தியதற்கு அவள் கொடுக்கும் பரிசு அது. எந்த ஊரில் எதை வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பது என்பதை மட்டும் அவர்களே தெரிவுசெய்ய வேண்டும். அந்த ஒரு வேலையில் மனிதர் ஆறு கிழமையாக மூழ்கிக் கிடந்தார்.

கொலோசியத்துக்கு மட்டும் பதினொரு விதமான சுற்றுலா இருந்தது. நிலவறையோடு ஒன்று, நிலவறை இல்லாமல் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம், மூன்று மணித்தியாலம், ஆறு பேர் குழு, இருபது பேர் குழு. போய்வந்தவர்கள் எழுதிய குறைநிறைகளை அவர் ஒன்றுவிடாமல் வாசித்தார். ஒரு வழிகாட்டி ஓட்டமும் நடையுமாகப் போகிறாராம், வெட்டிவிட்டார். இன்னொருவர் நன்றாகப் பகிடி விடுவாராம், பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். மகளுக்கு மாப்பிள்ளை எடுக்கிறபோதுகூட இவர் இவ்வளவு விசாரித்ததில்லை என்று அவர் மனைவி அருள்நாயகி நினைத்துக்கொண்டாள். விசாரிக்க அஜந்தினி இடம் வைக்கவுமில்லை. ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு டெனிஷ்காரப் பெடியனைத் தானே பார்த்து, தானே முடிவெடுத்து, பிறகுதான் வீட்டுக்குச் சொன்னாள்.

அன்று பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எல்லாவற்றையும் பதிவதற்காக அஜந்தினி பின்னேரம் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். பூசைக்குப் போய்வந்து, சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டு, மேசையைத் துடைத்த கையோடு அந்தோனிமுத்து கொப்பியை விரித்தார்.

"இஞ்ச வந்து இரு, அருள். முடிச்சிட்டன்."

அருள்நாயகி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து இருந்தாள். ஐந்து சுற்றுலா, ஐந்து வரி. நாள், நேரம், கூடும் இடம் எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் "ஆங்கிலம்" என்றிருந்தது.

"எல்லாம் இங்கிலிஷோ?"

"ஓம். டெனிஷிலும் இருக்குத்தான். ஆனா யோசிச்சுப் பார். முப்பத்தாறு வருசமா நீதானே எனக்குச் சொல்லிக்கொண்டு வாறாய். டொக்டர் சொன்னது, நகரசபைக் கந்தோரில சொன்னது, பள்ளிக்கூடத்தில சொன்னது. இந்தப் பத்து நாளும் நீ சும்மா வா. நான் கேட்டு உனக்குச் சொல்லுறன்."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை அருள்நாயகி பார்த்தாள். இதை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

மன்னாரில் அந்தோனிமுத்து ஆங்கில வாத்தியார். இங்கே வந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் செய்தது தொழிற்சாலை வேலை. இரைச்சல் போடும் இயந்திரத்துக்கு முன்னால், காதை மூடிக்கொண்டு, ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லாத வேலை. படித்த ஆங்கிலம் பெட்டியில் வைத்த பட்டுச்சேலை மாதிரிக் கிடந்தது. டெனிஷோ தலைகீழாக நின்றாலும் நாக்கில் ஏறவில்லை. காலை வணக்கம் சொல்வார், நன்றி சொல்வார், மழையைப் பற்றி ஒரு வசனம் சொல்வார். அதற்குமேல் கதை நீண்டால் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்ப்பார்.

அருள்நாயகிக்கு ஆங்கிலம் பள்ளிக்கூடத்திலேயே ஒத்துவரவில்லை. டெனிஷை அவள் பிடித்தது முதியோர் இல்லத்தில், கிழவர்களின் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டும் கிழவிகளின் தலையை வாரிக்கொண்டும். அந்த மொழியில் அவளுக்குச் சண்டை பிடிக்கத் தெரியும், சமாதானம் பண்ணத் தெரியும், வயிறு நோகச் சிரிக்கவும் தெரியும். ஆனால் கணவர் பக்கத்தில் நின்றால் அதே மொழி வேலையாக மாறிவிடும். ஒரு வசனம் காதில் விழும்போதே அதைத் தமிழில் எப்படி வைப்பது என்று மூளை ஓடத் தொடங்கிவிடும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஓகூஸ் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், மனைவி இருக்கிறாள் என்று அவரே கையால் காட்டிவிட்டார். நெஞ்சைத் திறந்துதான் ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்று வைத்தியர் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இந்த மனிதரை இழந்துவிடுவேனோ என்று பயப்பட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. "ஆபத்து" என்று அப்படியே சொல்வதா, கொஞ்சம் தணித்துச் சொல்வதா என்று சொல் தேடிக்கொண்டிருந்தாள். பயம் மூன்று நாள் கழித்து, பஸ்சுக்கு நின்ற இடத்தில்தான் வந்து பிடித்தது.

அதனால் அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரே ஒரு முறை, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யாரோ சொல்வதைத் தனக்கென்று மட்டும் கேட்டுக்கொண்டு நடக்க வேண்டும். திருப்பி ஒருவருக்கும் சொல்லக்கூடாது. வேலையிடத்தில் கோப்பி குடிக்கும் நேரங்களில் கைபேசியில் தேடித் தேடி, வத்திக்கானுக்கு டெனிஷில் ஒரு சுற்றுலாவைக் கண்டுபிடித்திருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை, பத்துப் பேர் குழு, ரோமிலேயே முப்பது வருடம் வாழ்ந்த ஒரு டெனிஷ்காரி வழிகாட்டி. ஒருநாள் அடக்கமாட்டாமல் அதை மகளுக்கும் காட்டிவிட்டாள். கணவரிடம் மட்டும் மூச்சுக்காட்டவில்லை.

இப்போது அவர் சொல்லும் ஏற்பாட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. யாரோ ஒருவர் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் ஆங்கிலத்தில் சொல்வார். அவள் முகட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு இவர் அதை அரை நிமிடத்தில் சொல்லி முடிப்பார்.

"நல்லாயிருக்கு," என்றாள்.

நாலு மணிக்கு, தான் இருக்கும் வைலே நகரிலிருந்து அஜந்தினி கூப்பிட்டாள். லப்டொப் திரையில் முகம் தெரிந்தது.

"அப்பா, கொப்பி முடிஞ்சுதா?" என்று தன் அரைகுறைத் தமிழில் கேட்டாள். அவர் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். வாசித்துக்கொண்டே வந்த மகளின் புருவம் சுருங்கியது. சடாரென்று டெனிஷுக்கு மாறினாள். அவளுக்கு அவசரம் என்றால் தமிழ் வராது.

"அம்மா, எல்லாமே ஆங்கிலம். உங்களுக்கு என்ன விளங்கும்? நீங்கள் காட்டிய வத்திக்கான் சுற்றுலா எங்கே? இப்போதுதான் பார்த்தேன், அதில் ஒரே ஒரு இடம் மிச்சம் இருக்கிறது. பதியட்டுமா?"

"வேண்டாம். அப்பா ஆசையாகச் செய்திருக்கிறார், குழப்பாதே," என்றாள் அருள்நாயகி, அவளும் டெனிஷில்.

"உங்களுடைய ஆசை?"

பக்கத்தில் இருந்த அந்தோனிமுத்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை. குளிருக்குத் தடிச்ச சட்டை கொண்டுபோகட்டாம்."

வைகாசி மாதத்து ரோமுக்குத் தடித்த சட்டை! பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு இப்படித்தான் பொய் வந்து வாய்க்கும். அந்தப் பொய் விளங்கும் அளவுக்கு அஜந்தினிக்குத் தமிழ் இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் திரும்ப எடுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தோனிமுத்து பேனையை மூடினார்.

"ரோமில வைகாசியில இருபத்தஞ்சு டிகிரி, அருள். நான் எழுதி வைச்சிருக்கிறன்."

அவள் மேசையில் இல்லாத ஊத்தையை விரலால் துடைத்தாள்.

"நீ எனக்கு விட்டு விட்டுச் சொல்லுறது எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியோ? பிள்ளையின்ர கலியாணத்தில அவள் எழும்பிக் கதைச்சவளெல்லே. பத்து நிமிசம் கதைச்சவள். சனம் சிரிச்சுது, பிறகு அழுதுது. மாப்பிள்ளையின்ர தாய் மூக்கைத் துடைச்சுக்கொண்டு இருந்தவ. நீ எனக்குச் சொன்னது ரெண்டு வசனம். எல்லாருக்கும் நன்றியாம். அம்மா அப்பாவுக்கும் நன்றியாம். நானும் பெரிசா விளங்கினவன் மாதிரித் தலையாட்டினன். என்ர சொந்தப் பிள்ளையின்ர கலியாணத்தில, எல்லாரும் சிரிச்சு முடிஞ்ச பிறகுதான் நான் சிரிச்சனான்."

குரலை அவர் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பாள்.

"அதுதான் இங்கிலிஷ் எண்டு போட்டனான். உனக்குச் சொல்லோணும் எண்டது உண்மை. ஆனா அதைவிட, ஆக்கள் சிரிக்கேக்க நானும் சேர்ந்து சிரிக்கோணும். அவ்வளவுதான்."

அருள்நாயகிக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடமாகத் தன் களைப்பை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் ஒரு களைப்பு என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. ஆனால் அதற்காகத் தன் ஆசையை மறுபடியும் விழுங்கினால், இன்னொரு பொய்தான் சொல்ல வேண்டிவரும்.

"எனக்கும் அதுதான் வேணும்," என்றாள். "எனக்கெண்டு கேக்க வேணும். கேட்டதைச் சொல்ல வேண்டாம். ஒருத்தருக்கும் வேண்டாம். உங்களுக்கும் வேண்டாம்."

சொன்ன பிறகு பயந்துபோனாள். பயந்த வேகத்திலேயே மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். வத்திக்கான், செவ்வாய்க்கிழமை, டெனிஷ்காரி, ஒரே ஒரு இடம்.

"ஒரு இடமோ?"

"ஓம்."

"அப்ப நான்?"

"நீங்கள் இங்கிலிஷ் குறூப்பில போங்கோ."

அவர் கதிரையில் சாய்ந்தார். நாற்பது வருடத்தில் அவர்கள் ஒரு கோயிலுக்குள் தனித்தனியாகப் போனதில்லை. ஹோர்சன்ஸ் பூசைக்கும் ஒரே வாங்கில்தான் இருப்பார்கள். பாப்பரசர் இருக்கிற ஊருக்குப் போய், ஆளுக்கொரு வாசலில் நிற்பதா? ஊர்ச் சனம் கேள்விப்பட்டால் இரண்டு பேருக்கும் கதைபேச்சு இல்லை என்றல்லவா முடிவுகட்டும். இதையெல்லாம் அவர் சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் வேறொன்று கேட்டார்.

"அண்டைக்குப் பிள்ளை என்ன சொன்னவள்? நீ விட்டதைச் சொல்லு."

அருள்நாயகி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"எங்கட வீட்டில அம்மாதான் எல்லாற்ர கதையையும் கொண்டு திரிஞ்சவ எண்டு சொன்னவள். அப்பாவின்ரயை டொக்டருக்கு, டொக்டரின்ரயை அப்பாவுக்கு, என்ரயை ரெண்டு பேருக்கும். அம்மாவின்ர கதையை மட்டும் அம்மா ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அப்பிடிச் சொன்னவள்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னைப் பற்றி நானே எப்பிடி உங்களுக்குச் சொல்லுறது?"

அவர் கொப்பியை மூடி ஒரு பக்கம் தள்ளிவிட்டு, லப்டொப்பை அவள் பக்கம் திருப்பினார்.

"எடு அந்த இடத்தை. ஆரும் கொத்திக்கொண்டு போக முன்னம்."

"நீங்கள் தனிய..."

"நான் இங்கிலிஷ் படிப்பிச்சனான்," என்றார் பழைய வாத்தியார் குரலில். "எனக்கு வழி கேக்கத் தெரியும்."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். இடம் இன்னும் இருந்தது. எத்தனை பேர் என்று கேட்ட கட்டத்தில் ஒன்று என்று போட்டாள். தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். பதிந்தாயிற்று என்று திரையில் வந்தது.

"முடிஞ்சு வெளியில வந்த உடன, நான் கேட்டதெல்லாத்தையும் உங்களுக்குச் சொல்லுறன்," என்றாள், பழக்கதோசத்தில்.

"வேண்டாம். உனக்கு விருப்பமெண்டால் சொல்லு. இல்லையெண்டால் நீயே வைச்சுக்கொள். நான் கேக்கமாட்டன்."

அருள்நாயகிக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வருடத்தில் இந்த மனிதர் தந்த எதுவும் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்து மகள் திரும்ப எடுத்தாள். தாய் அழுவதைக் கண்டதும் அவளுக்குப் பதறிவிட்டது. என்ன நடந்தது, என்ன நடந்தது என்று டெனிஷில் கேட்டாள். அருள்நாயகியால் வாய் திறக்க முடியவில்லை. அந்தோனிமுத்து வழக்கம்போல மனைவியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு திரைக்கு நேரே குனிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவரே டெனிஷில் பதில் சொன்னார்.

"அம்மாவுக்குச் சுகம். அம்மா வத்திக்கான் போகிறா. அம்மா தனிய."

அதில் எத்தனை பிழை இருந்தது என்று அருள்நாயகி எண்ணவில்லை. மகளுக்கு விளங்கிவிட்டது.