பறக்கத் தெரியாதவன்

லியோனின் கால் சப்பாத்துக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. நேற்று விடியற்காலையில் கண்ணை மூடியவன், இன்னும் சண்டைக்கு நிற்கிறான் போலும். கத்தரீனா மாமி மூச்சு வாங்கக் குந்தினாள்.

“வீங்கின கால், ஜெசிதா. இது ஏறாது. தமையன்ரை சப்பாத்தெண்டாப் பொருந்தும். பிலிப்பு ஒழுங்கையிலைதான் நிக்கிறான். கூப்பிடட்டே?”

“வேண்டாம் மாமி.”

கொழும்புத்துறையில் அந்த ஒழுங்கைக்கே தெரிந்த ‘வேண்டாம்’ அது. அவள் புருஷன் லியோனின் கிட்னி இரண்டும் பழுதானபோது, தன்னுடையதில் ஒன்றைத் தருவதாகக் கோயிலடியில் வைத்துச் சொன்னவன் பிலிப்பு. ஒப்பரேஷனுக்குக் குறித்த அன்று காலையில் பயந்து வவுனியா பஸ் ஏறி ஓடிப்போனவனும் அவன்தான். ஒரு மாதம் கழித்து வந்து நின்றான். தன் வாசல் படலைக்குள் அவன் கால் வைக்கக்கூடாது என்றாள் ஜெசிதா. மூன்று வருசம் வைக்கவில்லை.

லியோனுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். வாரத்தில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போவான், அதுவும் பிலிப்பின் ஓட்டோவில். மற்ற நாளெல்லாம் கட்டிலில் கிடந்து தமிழில் குரல் கொடுத்த சூப்பர் ஹீரோ படங்கள். வெள்ளத்தில் மகளைப் பறிகொடுத்த ஒருவன் ஊரையே தண்ணீரில் அமிழ்த்துகிற படத்தை நாலு தரம் பார்த்தான்.

“உவனை மன்னிச்சு விட்டிருக்கலாம்,” என்பான் ஒவ்வொரு தரமும்.

“ஊரைத் தாட்டவனையோ? அழுது காட்டினா, செய்தது இல்லையெண்டு ஆகுமே?”

“பறக்கத் தெரிஞ்சவன் பயப்பிடாமல் நிக்கிறது பெரிய வேலையே, ஜெசி? பயந்தவன் பிறகு என்ன செய்தான், அதைப் பார்.”

“நீங்கள் ஆரைச் சொல்லுறியள் எண்டு எனக்கு விளங்குது.”

“படத்தைச் சொல்லுறன்,” என்று சிரிப்பான்.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான் ஜெசிதாவுக்கு. விட்டுக்கொடுத்ததே இல்லை.

இப்போது அவன் காலைத் துடைக்கும்போது, பாழ்படுவான் லியோன் சொன்ன அந்தப் ‘பிறகு’ வந்து அவளைப் பிடித்துக்கொண்டது. மழையென்றால் ஓட்டோவின் பக்கப் படங்குச் சீலை இறக்கியிருக்கும். சீற்றில் முதுகுக்குத் தலையணை இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் நாலு மணித்தியாலம் காத்துக் கிடந்துவிட்டு, படலையடியில் தம்பியை இறக்கி, “போட்டு வாறன்” என்று விடைபெறுவான் பிலிப்பு. லியோன் ‘ஓம்’ என்பான். அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை, ஒரு தேத்தண்ணி கொடுத்ததில்லை. பக்கத்தில் இருந்து படத்துக்குச் சண்டை பிடிக்கப் புருஷன் மூன்று வருசம் கிடைத்தானே, அதில் இவனுக்குப் பங்கில்லையா? நெஞ்சு முட்ட நன்றி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

எழும்பி ஒழுங்கைக்குப் போனாள். பிலிப்பு கறுத்தக் காற்சட்டையும் மினுக்கிய சப்பாத்துமாக ஓட்டோவில் சாய்ந்து நின்றான். அவளைக் கண்டதும் நிமிர்ந்தான்.

“கலியாணத்துக்குத்தான் சொல்லோணும். செத்தவீட்டுக்கு ஆரும் சொல்லியே வாறது, அத்தான்?”

“இல்லை... நான்...”

“அவருக்குச் சப்பாத்து ஏறுதில்லை. உங்கடையைக் கொண்டுவந்து நீங்களே போட்டு விடுங்கோ.”

அவன் அந்த இடத்திலேயே கழற்றினான். இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படலையைத் தாண்டினான். தம்பியின் காலை மடியில் தூக்கி வைத்து மெல்ல மெல்ல ஏற்றினான். அளவாகப் போனது.

“மன்னிச்சிட்டியோ பிள்ளை?” என்று மாமி காதுக்குள் கேட்டாள்.

“தெரியாது மாமி. ஆனா நன்றி கிடக்கு.”

பின்னேரம் சேமக்காலையில், சுடுமணலில் வெறுங்காலோடு நின்று பிலிப்பு குழிக்குள் மண் போட்டான். பிறகு மாமியையும் அவளையும் தன் ஓட்டோவிலேயே கொண்டுவந்து இறக்கினான். செத்தவீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. ‘வாறன்’ என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அந்தப் படலையடியில் மூன்று வருசப் பழக்கம், வாய் முந்திவிட்டது.

“போட்டு வாறன்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். மாமி அவசரமாகச் சிலுவை போட்டாள்.

“ஓம்,” என்றாள் ஜெசிதா. “வாங்கோ.”

அவன் வெறுங்காலால் பிரேக்கைத் தேடி மிதித்து, ஓட்டோவைத் திருப்பி, ஒழுங்கை முடக்கில் மறையுமட்டும் அவள் படலையைச் சாத்தவில்லை.