கரையிலிருந்து எடுத்த செருப்பு

பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த ஆன்சி, காலேஜுக்குப் போகாமல் ஒரு வருஷம் வீட்டில் இருந்ததைப் பற்றிப் பாம்பனில் பேசாத வாய் இல்லை. "ஒரு வருசத்த வீணாக்கிருச்சே இந்தப் புள்ள" என்று பக்கத்து வீட்டு வில்பிரட் சித்தப்பா உச்சுக்கொட்டினார். அவர் மகன் மூன்று வருஷமாக ஒரே அரியர் பேப்பரை எழுதிக்கொண்டிருப்பது மட்டும் வீணில்லை போலிருக்கிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அவள் தங்கியது ஒரு ஜோடி ரப்பர் செருப்புக்காக.

ரிசல்ட் வந்த மறுவாரம் அவள் அய்யா சிலுவைமுத்து, எப்போதும்போல் செருப்பைக் கரையில் கழற்றிப் போட்டுவிட்டு, ஒத்தை ஆளாக வள்ளத்தில் தொழிலுக்குப் போனார். கடலுக்குப் போனவன் செருப்பை எடுத்தால் அவனுக்குக் கரை தெரியாமல் போய்விடும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. ஆன்சிக்கும் தெரியும். ஆனால் நாய் ஒன்று செருப்பைக் கவ்வியதைப் பார்த்ததும் யோசிக்கவில்லை. விரட்டிப் பிடுங்கி, ஜோடியைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் போட்டாள். அம்மா மீன் விற்கப் போயிருந்தாள்.

மறுநாள் வள்ளம் மட்டும் கவிழ்ந்து ஒதுங்கியது.

ஊரே அழுதபோது அம்மா புஷ்பமேரி அழவில்லை. வாசலைக் காட்டினாள். "கரையில கெடக்க வேண்டிய செருப்பு இங்கன எப்படி வந்துச்சு? மனுசன் வந்துட்டுத்தான் போயிருக்காரு. மறுபடி வருவாரு."

ஆன்சி வாயைத் திறந்தாள். நாய் கவ்வியதைச் சொல்லாமலே மூடிக்கொண்டாள். அய்யாவைக் கொன்றதே தான்தான் என்று அவளுக்குள் ஒரு பயம். இப்போது சொன்னால் அம்மாவும் கடலில் இறங்கிவிடுவாள். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு எந்தக் காலேஜுக்குப் போவது?

பகலெல்லாம் தாயும் மகளும் கருவாட்டுக்கு மீன் கீறி உப்பு வைத்தார்கள். கையில் வெடிப்பு விழுந்தது, எரிந்தது, பிறகு மரத்துப்போனது. பொழுது சாய்ந்தால் அம்மா செருப்பைத் துடைத்து வைப்பாள், சோற்றைத் தட்டில் போட்டு மூடுவாள், கதவைச் சாத்தமாட்டாள். அந்தத் திறந்த கதவு ஆன்சியைத் தின்றது. அய்யா நடந்தால் செருப்பு குதிகாலில் தட்டுகிற சத்தம் தெருமுனையிலிருந்தே கேட்கும். சில நாள் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. எட்டிப் பார்த்தால் செருப்பு இரண்டும் அசையாமல் வாசலிலேயே கிடக்கும்.

மறுபடி மே மாதம் வந்தது. மதுரை காலேஜ் ஃபாரத்தில் படிப்பு விட்டுப்போன காரணத்தைக் கேட்டிருந்தார்கள். ஆன்சி அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் ஒரு வருசம் இரு தாயி" என்றாள் அம்மா. "அய்யா வந்து ஒன்னைக் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

அதற்கு மேல் ஆன்சியால் தாங்க முடியவில்லை. நாய், செருப்பு, வாசல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மீன் கீறிக்கொண்டிருந்த அம்மாவின் கையில் கத்தி நின்றது. "அப்ப அவரு வரவே இல்லையா?"

"இல்லம்மா. நான்தான் எடுத்தேன்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அம்மா சொன்னாள்: "நீ எடுக்காட்டி நாய் கொதறிருக்கும். செருப்பு என்ன செய்யும் புள்ள? அன்னிக்குக் காத்து அப்படி." பிறகு ஒரு வருஷ அழுகையை அழுதாள். போன வருஷம் கேட்டிருந்தால் செத்திருப்பாள். ஊர் வீண் என்ற அந்த வருஷம்தான் மகளுக்குச் சொல்லவும் தாய்க்குக் கேட்கவும் தெம்பு கொடுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அய்யாவுக்குப் பூசை வைத்தார்கள். அன்று கதவைச் சாத்தினாள் அம்மா.

மதுரைக்குக் கிளம்பிய காலையில் ஆன்சி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னாலேயே அந்தச் சத்தம் வந்தது, குதிகாலில் தட்டித் தட்டி. பயந்துகொண்டே திரும்பினாள்.

அம்மா, தன் காலுக்குப் பெரிதான அய்யாவின் செருப்பை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தாள்.

"என்ன பாக்குற? பஸ்ஸு வரைக்கும் அவரும் வரட்டும். நட."